ராக்கெட் ஏன் வளைகிறது?



ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. ராக்கெட் கிளம்புவதைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். திரையில் ஒரு வரைபடம் வரும். ராக்கெட் போகிற பாதையை ஒரு கோடாகப் போட்டுக் காட்டுவார்கள். துருவங்களைச் சுற்றும் பாதைக்குச் செயற்கைக்கோளைக் கொண்டுபோகிற ராக்கெட், நியாயமாகத் தெற்கே பார்த்துப் போக வேண்டும். அந்தக் கோடு அப்படிப் போவதில்லை. முதலில் தென்கிழக்கே வங்கக் கடலுக்குள் போகிறது. அப்புறம் ஒரு வளைவு எடுத்துத்தான் தெற்கே திரும்புகிறது. ராக்கெட் ஏன் வளைகிறது?

நேர் தெற்கே இலங்கை இருக்கிறது. கழன்று விழுகிற பாகமோ, பழுதானால் சிதறுகிற துண்டோ அந்த மண்ணில் போய் விழக் கூடாது. அதனால் சுற்றிக்கொண்டு போகிறது. வளைந்தால் எரிபொருள் செலவாகும். எரிபொருள் செலவானால் தூக்கிப் போகிற எடை குறையும். பெரிய ராக்கெட் அந்த இழப்பைத் தாங்கும், எஸ்.எஸ்.எல்.வி. போன்ற சின்ன ராக்கெட்டுக்கு அது கட்டுபடி ஆகாது. அதனால்தான் நாம் தசராவுக்கு வேஷம் கட்டிப் போகிற குலசேகரன்பட்டினத்தில் நாட்டின் இரண்டாவது ஏவுதளம் எழுகிறது. 2024 பிப்ரவரி 28ஆம் தேதி அடிக்கல் நாட்டினார்கள். அங்கிருந்து தெற்கே பார்த்தால் இலங்கை குறுக்கே வராது. கடல், கடல், கடல்தான்.

ராக்கெட் எப்படி வளைகிறது என்பதைப் பொறியாளர் சொல்லிவிடுவார். ஏன் வளைகிறது என்பதை யார் சொல்வது? அந்த வளைவுக்குள் ஓர் அண்டை நாடு இருக்கிறது. இழப்பீட்டுக்கான ஓர் உடன்படிக்கை இருக்கிறது. குலசேகரன்பட்டினத்தில் இரண்டாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நில எடுப்பு இருக்கிறது. இந்த மூன்றையும் படிப்பது யாருடைய வேலை? உங்களுடைய வேலை. அரசியல் அறிவியல் படித்தவர்களுடைய வேலை. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அதுதான்: விண்வெளி இராஜதந்திரத்தையும் தொழில்நுட்பக் கொள்கையையும் ஆராய வந்திருக்கும் இளைஞர்கள் எதைப் படிக்க வேண்டும், ஏன் படிக்க வேண்டும்?

இந்தக் கேள்வியை என்னிடம் முதலில் கேட்டவர் ஒரு மீனவர். இந்தக் கடற்கரையைச் சேர்ந்தவர். அவருடைய மகள் விண்வெளிச் சட்டத்தில் ஆய்வு செய்யப் போகிறேன் என்று வீட்டில் சொன்னதும், நேரே என்னைப் பார்க்க வந்துவிட்டார். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை. "சாரே, அரசியல் படிச்ச புள்ளைக்கு ராக்கெட்டுல என்ன வேல?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அன்று அவருக்கு நான் ஒரு கதை சொன்னேன். அதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

அமெரிக்காவில் ஜான் லாக்ஸ்டன் என்று ஒரு மாணவர். இயற்பியலில் பட்டம் பெற்றுவிட்டு அரசியல் அறிவியலுக்கு வந்தவர். அவர் கையில் எடுத்தது ஒரே ஒரு கேள்வி. கென்னடி நிலவுக்கு மனிதனை அனுப்புவது என்று ஏன் முடிவு செய்தார்? 1961 ஏப்ரல் 12ஆம் தேதி சோவியத் வீரர் ககாரின் பூமியைச் சுற்றி வருகிறார். எட்டே நாளில் கென்னடி தன் துணைத் தலைவர் ஜான்சனுக்கு ஒரு குறிப்பு அனுப்புகிறார்: சோவியத்தை நாம் ஜெயிக்கக்கூடிய விண்வெளித் திட்டம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிறார். மே 25ஆம் தேதி நாடாளுமன்றத்தில் நிலவுப் பயணத்தை அறிவித்துவிடுகிறார். ஆறே வாரம்! அந்த ஆறு வாரத்தில் யார் யாரிடம் பேசினார்கள், எந்தக் காகிதம் எந்த மேசைக்குப் போனது என்று லாக்ஸ்டன் தோண்டித் துருவினார். அது அவருடைய முனைவர் பட்ட ஆய்வாகி, 1970இல் புத்தகமாக வந்தது. ஒரு பெரிய தொழில்நுட்ப முடிவு எப்படிப் பிறக்கிறது என்பதற்கு இன்றும் அதைத்தான் எடுத்து வைத்துப் படிக்கிறோம்.

கதை அதோடு முடியவில்லை. 2003 பிப்ரவரி 1. கொலம்பியா விண்கலம் வானத்தில் உடைந்து சிதறியது. ஏழு பேர் மாண்டார்கள். அவர்களில் ஒருவர் நம் கல்பனா சாவ்லா. விசாரணைக் குழு அமைத்தார்கள். அதில் தளபதிகள் இருந்தார்கள், பொறியாளர்கள் இருந்தார்கள், இயற்பியலாளர்கள் இருந்தார்கள். அவர்களோடு லாக்ஸ்டனும் உட்கார்ந்திருந்தார். ஓர் அரசியல் அறிவியலாளர் உடைந்த விண்கலத்தின் விசாரணையில் என்ன செய்ய முடியும்? அந்தக் குழுவின் அறிக்கையைப் படித்துப் பாருங்கள். புறப்படும்போது பெயர்ந்து விழுந்த நுரைத்துண்டு இறக்கையில் அடித்தது என்கிறது. அது பொறியாளர் கண்டது. அந்த நுரைத்துண்டுக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு நாசா என்ற நிறுவனத்தின் பழக்கவழக்கத்துக்கும் உண்டு என்றும் சொல்கிறது. பணம் குறைந்த விதம், கால அட்டவணை நெருக்கிய விதம், கீழே இருந்தவர்களின் எச்சரிக்கை மேலே போகாமல் நின்ற விதம், எல்லாவற்றையும் எடுத்து வைக்கிறது. நிறுவனங்கள் எப்படித் தவறு செய்கின்றன என்பதைப் படிக்கிற கல்விக்கு என்ன பெயர்? அரசியல் அறிவியல்.

மீனவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அவரைப் பற்றிப் பிறகும் சொல்வேன்.

இப்போது நம் பக்கம் வருவோம். இந்தியாவின் விண்வெளிக் கதையைச் சொல்லும்போது ராக்கெட் பாகத்தை சைக்கிளில் தள்ளிக்கொண்டு போன படத்தைக் காட்டுவோம். காட்ட வேண்டிய படம்தான். ஆனால் அந்த சைக்கிளுக்குப் பின்னால் இருந்த இராஜதந்திரத்தைச் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். அதுதான் எனக்கு வருத்தம்.

தும்பா. திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவ கிராமம். காந்த நடுக்கோடு அந்த வழியாகப் போவதால் உலக விஞ்ஞானிகளுக்கு அந்த இடம் வேண்டியிருந்தது. அங்கே மகதலேனா மரியாள் ஆலயம் இருந்தது. ஆயர் இல்லம் இருந்தது. சுற்றிலும் மக்கள் குடியிருந்தார்கள். விக்ரம் சாராபாய் ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரைராவைப் போய்ப் பார்த்தார். ஆயர் அந்தக் கேள்வியைத் தன் மக்கள் முன்னால் வைத்தார். மக்கள் இசைந்தார்கள். ஆலயம் பணிமனையாயிற்று. ஆயர் இல்லம் அலுவலகமாயிற்று. சிந்தித்துப் பாருங்கள், இந்திய விண்வெளியின் முதல் பேச்சுவார்த்தை எந்த வெளிநாட்டு அரண்மனையிலும் நடக்கவில்லை. ஒரு கடற்கரைக் கோயிலில் நடந்தது.

1963 நவம்பர் 21. மாலை நேரம். முதல் ராக்கெட் எழும்புகிறது. உச்சியில் சோடியம் ஆவியை விட்டு, அந்தி வானத்தில் செம்மஞ்சள் மேகமாகப் படர விடுகிறது. அந்த ராக்கெட் யாருடையது? அமெரிக்காவுடையது. அதன் தலையில் இருந்த ஆய்வுக் கருவி? பிரான்சுடையது. சோவியத் நாடு ஹெலிகாப்டரும் கணினியும் கொடுத்தது. இது எந்தக் காலம் என்று கவனியுங்கள். கியூபா ஏவுகணை நெருக்கடி முடிந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. வாஷிங்டனும் மாஸ்கோவும் உலகத்தையே எரிக்கத் தயாராக நின்று, கடைசி நொடியில் பின்வாங்கிய காலம். அந்த இரண்டு பேரையும் ஒரே தென்னந்தோப்பில் கொண்டுவந்து நிறுத்திய நாடு எது? கையில் காசில்லாத இந்தியா.

எப்படி முடிந்தது? சாராபாய்க்கும் ஹோமி பாபாவுக்கும் ஒன்று தெரிந்திருந்தது. ஐ.நா. சபையின் விண்வெளிக் குழு, நிலநடுக்கோட்டுப் பகுதியில் எல்லா நாடுகளும் பயன்படுத்தக்கூடிய ஏவுதளங்கள் வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தது. அந்தப் பேச்சைக் கவனித்து, அந்தப் பேச்சுக்குள் தும்பாவைக் கொண்டுபோய் வைத்தார்கள். 1968 பிப்ரவரி 2ஆம் தேதி இந்திரா காந்தி தும்பாவை ஐ.நா.வுக்கு அர்ப்பணித்தார். அதே ஆண்டு வியன்னாவில் நடந்த முதல் ஐ.நா. விண்வெளி மாநாட்டில் அறிவியல் தலைவராக அமர்ந்தவர் சாராபாய். செயற்கைக்கோளை ஏவும் ராக்கெட் இல்லாத நாடு, மாநாட்டின் அறிவியல் தலைமையில் அமர்ந்தது! பின்னால் வந்த நாடுகளுக்கும் சின்ன நாடுகளுக்கும் விண்வெளியில் முதலில் கிடைத்த பலம் எரிபொருளால் வரவில்லை. எந்தக் காகிதத்தில் எந்த வரி இருக்கிறது என்று மற்றவர்களைவிட நன்றாகப் படித்து வைத்திருந்தவர்களால் வந்தது. இன்று நான் சொல்ல வந்ததெல்லாம் இந்த ஒன்றுதான். மற்றதெல்லாம் இதற்குச் சாட்சி.

சரி, அந்தக் காகிதத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். 1967 ஜனவரி 27ஆம் தேதி வாஷிங்டன், லண்டன், மாஸ்கோ மூன்று நகரங்களிலும் விண்வெளி உடன்படிக்கை கையெழுத்துக்குத் திறந்து வைக்கப்பட்டது. வெள்ளை மாளிகை விழாவில் நீல் ஆம்ஸ்ட்ராங் உட்பட விண்வெளி வீரர்கள் சிலர் விருந்தினராக நின்றார்கள். அன்று மாலையே ஃபுளோரிடாவில், ஒத்திகைக்காக விண்கலத்துக்குள் ஏறியிருந்த அவர்களுடைய தோழர்கள் மூன்று பேர் தீவிபத்தில் இறந்தார்கள். அப்போலோ 1. ஒரே நாளில் ஒரு கையெழுத்து, மூன்று மரணம். உடன்படிக்கையைப் பாடமாக நடத்தும்போதெல்லாம் இந்த நாளைத்தான் முதலில் சொல்வேன். காகிதம் உயிரில்லாத பொருள் என்று எந்த மாணவரும் நினைத்துவிடக் கூடாது.

அந்த உடன்படிக்கையின் இரண்டாவது பிரிவு, நிலவையும் பிற விண்பொருள்களையும் எந்த நாடும் தனதாக்கிக்கொள்ள முடியாது என்கிறது. நான்காவது பிரிவு, அணுகுண்டைச் சுற்றுப்பாதையில் நிறுத்தக் கூடாது என்கிறது. நிலவை அமைதி நோக்கங்களுக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்கிறது. அமைதி நோக்கம் என்றால் என்ன? ராணுவமே கூடாது என்பதா? தாக்குதல் கூடாது, ராணுவம் இருக்கலாம் என்பதா? அமெரிக்கா இரண்டாவது பொருளைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஒரு சொல்லுக்கு அறுபது ஆண்டுச் சண்டை!

ஆறாவது பிரிவு இன்னும் நமக்கு நெருக்கமானது. தனியார் விண்வெளியில் எதைச் செய்தாலும் அவர்களுடைய நாடுதான் பொறுப்பு. அனுமதி கொடுத்து, தொடர்ந்து மேற்பார்வை செய்ய வேண்டும். 2024 மே 30ஆம் தேதி, சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் பிறந்த அக்னிகுல் நிறுவனம், முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாக வார்த்த எஞ்சினோடு ஸ்ரீஹரிகோட்டாவில் தன் சொந்த ஏவுமேடையிலிருந்து ராக்கெட் விட்டது. நெஞ்சு நிமிர்ந்தது நமக்கு. ஆனால் அந்த அனுமதிக்கும் மேற்பார்வைக்கும் அடியில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் எது? 2017இல் ஒரு வரைவு மசோதாவைப் பொதுமக்கள் கருத்துக்கு வைத்தார்கள், அது சட்டமாகவில்லை. 2023இல் விண்வெளிக் கொள்கை வந்தது. கொள்கை வேறு, சட்டம் வேறு. நாளைக்கு ஒரு விபத்து நடந்து நீதிமன்றத்துக்குப் போனால் இந்த வேறுபாட்டின் விலை தெரியும். உங்களில் ஒருவராவது இதில் ஆழமாக இறங்க வேண்டும் என்பது என் ஆசை.

விபத்து என்றதும் நினைவுக்கு வருகிறது. 1978 ஜனவரி 24. சோவியத்தின் காஸ்மோஸ் 954 செயற்கைக்கோள், அணு உலையோடு, கனடாவின் வடக்குப் பனிநிலத்தில் விழுந்து சிதறியது. பழங்குடி மக்கள் வேட்டையாடுகிற நிலம். மாதக்கணக்கில் பனியில் கதிரியக்கத் துண்டுகளைத் தேடிப் பொறுக்கினார்கள். கனடா என்ன செய்தது? கூச்சல் போட்டதா? கணக்குப் போட்டது! 1972ஆம் ஆண்டின் இழப்பீட்டு உடன்படிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு, 60,41,174 டாலர் 70 சென்ட் என்று மாஸ்கோவுக்குச் சீட்டு அனுப்பியது. அந்த எழுபது சென்ட்டைக் கவனியுங்கள். ஒரு வல்லரசிடம் சில்லறை வரைக்கும் கணக்குக் கேட்கிற துணிச்சலை அந்தக் காகிதம்தான் கொடுத்தது. 1981இல் சோவியத் முப்பது லட்சம் கனடா டாலர் கொடுத்தது. முழுத் தொகை வரவில்லைதான்; ஆனாலும் வந்தது.

சின்ன நாடுகள் விண்வெளியில் எப்படிப் பேசின? நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு வட்டம் இருக்கிறது. அங்கே நிறுத்திய செயற்கைக்கோள் பூமியிலிருந்து பார்த்தால் நகராமல் நிற்கும். வீட்டு மாடியில் டிஷ் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருப்பது அதனால்தான். 1976 டிசம்பர் 3ஆம் தேதி கொலம்பியாவின் பொகோட்டாவில் கொலம்பியா, எக்குவடோர், இந்தோனேசியா, கென்யா முதலிய நாடுகள் கூடி, எங்கள் தலைக்கு மேலே உள்ள அந்த வட்டம் எங்களுக்கே சொந்தம் என்று அறிவித்தன. சட்டப்படி அது நிற்கவில்லை. பணக்கார நாடுகள் ஒதுக்கித் தள்ளின. தோற்றார்களா? அவசரப்பட்டுத் தோற்றார்கள் என்று எழுதிவிடாதீர்கள். முந்திக்கொண்டவனுக்கே இடம் என்று இருந்த வழக்கத்தை அந்தக் குரல் அசைத்தது. 1982இல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் உடன்படிக்கையில் வளரும் நாடுகளின் தேவையும் சில நாடுகளின் புவியியல் நிலையும் இடம்பிடித்தன. 1988இல் ஒவ்வொரு நாட்டுக்கும் அந்த வட்டத்தில் ஓர் இடமாவது உறுதி என்ற திட்டம் வந்தது. அன்று செயற்கைக்கோளே இல்லாத நாடுகளுக்கும் வானத்தில் ஓர் இடம்! பொகோட்டாவில் தோற்ற வழக்கு ஜெனீவாவில் பாதி ஜெயித்தது.

டோங்கா என்று பசிபிக் கடலில் ஒரு தீவு நாடு. மக்கள் தொகை ஒரு லட்சம்தான். நம் ஊரில் ஒரு நகராட்சி அளவு. 1980களின் முடிவில் அந்த வட்டத்தில் 16 இடங்களைக் கேட்டு மனுப் போட்டது. பெரிய பெரிய நிறுவனங்களெல்லாம் எதிர்த்தன. கடைசியில் ஆறு கிடைத்தது. அந்த இடங்களைப் பிறருக்குக் கொடுத்துக் காசு பார்த்தார்கள். நல்லதா கெட்டதா என்பது வேறு வாதம். விதிகளை வரி வரியாகப் படித்த ஒரு சின்ன நாடு என்ன செய்யக்கூடும் என்பதுதான் நமக்குப் பாடம்.

இனி, இந்த அரங்கிலிருந்து ஒரு மணி நேர ஓட்டத்தில் இருக்கிற ஓர் இடத்துக்கு உங்களை அழைத்துப்போகிறேன். மகேந்திரகிரி. காவல்கிணறு வழியாகப் போகும்போது மலையடிவாரத்தில் பெரிய வேலியைப் பார்த்திருப்பீர்கள். இஸ்ரோவின் எஞ்சின்களைச் சோதிக்கிற களம். அங்கே கிரையோஜெனிக் எஞ்சின் எரிகிறது. மைனஸ் 253 டிகிரியில் திரவ ஹைட்ரஜன், மைனஸ் 183 டிகிரியில் திரவ ஆக்சிஜன். நம் நெல்லை வெயிலில், அந்த மலைக்குக் கீழே, அவ்வளவு குளிர்ச்சியை வைத்துக்கொண்டு நெருப்பு மூட்டுகிறார்கள்.

அந்த எஞ்சினின் அரசியல் கதையைக் கேளுங்கள். 1991இல் சோவியத்தின் கிளாவ்காஸ்மாஸ் நிறுவனத்தோடு இந்தியா ஒப்பந்தம் போட்டது. எஞ்சினும் தருவோம், செய்யும் வித்தையும் தருவோம் என்பது ஒப்பந்தம். அதே ஆண்டு சோவியத் நாடே உடைந்துபோயிற்று. 1992 மே மாதம் அமெரிக்கா இஸ்ரோ மீதும் கிளாவ்காஸ்மாஸ் மீதும் தடை போட்டது. காரணம் என்ன சொன்னார்கள்? ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு அமைப்பின் விதிகளை இது மீறுகிறது. இந்த எஞ்சினை வைத்து இந்தியா ஏவுகணை செய்துவிடும் என்றார்கள். இவ்வளவு குளிர்ந்த எரிபொருளை ஏவுகணையில் ஊற்றி மாதக்கணக்கில் வைத்திருக்க முடியாது. போருக்கு உதவாத எஞ்சின் இது என்று நம் விஞ்ஞானிகள் சொன்னார்கள். அறிவியல் சரியாக இருந்தது. அரசியல் எதிராக இருந்தது. 1993இல் ரஷ்யா கையை விரித்தது: எஞ்சின் தருகிறோம், வித்தை தர முடியாது. ஏழு எஞ்சின்கள் வந்தன. வித்தையை நாமே கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. 2010 ஏப்ரல் 15ஆம் தேதி நம் சொந்த எஞ்சினோடு கிளம்பிய ராக்கெட் கடலில் விழுந்தது. 2014 ஜனவரி 5ஆம் தேதி ஜெயித்தது. ஒப்பந்தத்திலிருந்து வெற்றி வரைக்கும் 23 ஆண்டு. எத்தனை பொறியாளர்களின் இளமை அந்த வேலிக்குள் கரைந்திருக்கும்!

2016இல் அந்தக் கட்டுப்பாட்டு அமைப்பிலேயே இந்தியா உறுப்பினராயிற்று. 2025 ஜூலை 30ஆம் தேதி நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்த நிசார் செயற்கைக்கோள் விண்ணுக்குப் போனது. அதைச் சுமந்து போன ராக்கெட் ஜி.எஸ்.எல்.வி. அந்த ராக்கெட்டின் மேல் அடுக்கில் எரிந்தது என்ன? நம் கிரையோஜெனிக் எஞ்சின்! எந்த எஞ்சினை நாம் பெறக் கூடாது என்று தடுத்தார்களோ, அதே எஞ்சின் வகையின் மேல் தங்கள் விலையுயர்ந்த ராடாரை வைத்து அனுப்பினார்கள். முப்பத்து மூன்று ஆண்டில் ஒரு நாட்டின் பார்வை எப்படி இப்படித் திரும்பியது? தொழில்நுட்பம் வளர்ந்தது மட்டும் காரணமா? சீனா வளர்ந்தது காரணமா? இந்திய-அமெரிக்க அணுசக்தி உடன்பாடு காரணமா? எது எவ்வளவு? ஒரு முனைவர் பட்டத்துக்கு இதைவிட நல்ல கேள்வி வேண்டுமா? அந்த வேலிக்குள் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள் இன்று நாகர்கோவிலிலும் வள்ளியூரிலும் திருநெல்வேலியிலும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கிறார்கள். தடை வந்த அன்று காலையில் பணிமனையில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று அவர்களிடம் கேட்டீர்களா? ஒரு நோட்டும் ஒலிப்பதிவுக் கருவியும் எடுத்துக்கொண்டு போங்கள். எந்த ஆவணக் காப்பகத்திலும் கிடைக்காத வரலாறு அந்தத் திண்ணைகளில் இருக்கிறது. அவர்களுக்கு வயதாகிறது.

இயந்திரத்தின் வடிவமே இராஜதந்திரமாக இருக்கும் என்பதற்கு ஒரு காட்சி. 1975 ஜூலை 17. அமெரிக்க அப்போலோவும் சோவியத் சோயூஸும் விண்வெளியில் கைகோத்தன. அதற்கு முன்பு இரண்டு கலங்கள் இணைவதென்றால் ஒன்று குத்தும் முனை, மற்றொன்று ஏற்கும் குழி. ஒன்று செய்வது, மற்றொன்று பெறுவது. எந்த வல்லரசு பெறும் பக்கமாக இருக்கச் சம்மதிக்கும்? அதனால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிற, எந்தப் பக்கமும் செய்யலாம், எந்தப் பக்கமும் பெறலாம் என்கிற ஓர் இணைப்பை வடிவமைத்தார்கள். கதவு திறந்ததும் அமெரிக்கர் ரஷ்ய மொழியில் பேசினார், ரஷ்யர் ஆங்கிலத்தில் பேசினார். அவரவர் அடுத்தவர் மொழியில் பேசுவது என்று முன்பே முடிவு செய்திருந்தார்கள். அந்த உலோக வளையத்தை நான் எந்தச் சமாதான ஒப்பந்தத்துக்கும் குறைவாக மதிக்கவில்லை.

எல்லாம் பெருமைக் கதையாகவே சொல்லிக்கொண்டு போனால் நான் ஆசிரியன் இல்லை. கசப்பான ஒன்றையும் சொல்ல வேண்டும். 2019 மார்ச் 27ஆம் தேதி இந்தியா தன் செயற்கைக்கோள் ஒன்றைத் தானே ஏவுகணையால் அடித்து உடைத்தது. 2007இல் சீனா அடித்தது உயரமான பாதையில். மூவாயிரத்துக்கு மேற்பட்ட துண்டுகள் சிதறின, அவற்றில் பெரும்பாலானவை இன்றும் பிரச்சினை. நாம் 300 கிலோமீட்டருக்கும் குறைந்த உயரத்தில் அடித்தோம். துண்டுகள் பெரும்பாலும் சீக்கிரம் விழுந்து எரிந்தன. அந்த அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் 2022 டிசம்பரில், இப்படி அடித்து உடைக்கும் சோதனையே இனி வேண்டாம் என்று ஐ.நா. பொதுச்சபையில் தீர்மானம் வந்தபோது 155 நாடுகள் ஆதரித்தன, 9 எதிர்த்தன, 9 நடுநிலை வகித்தன. இந்தியா நடுநிலை வகித்தவர்களில் ஒன்று. ஏன்? வெறும் வாக்குறுதி போதாது, சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் வேண்டும் என்பது நம் நெடுநாள் நிலை. அதில் நியாயம் உண்டு. ஆனாலும் தும்பாவை உலகத்துக்குக் கொடுத்த நாடு அந்த வாக்கெடுப்பில் முன்னால் நின்றிருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். நீங்கள் மறுக்கலாம். மறுப்பதாக இருந்தால் ஆவணத்தோடு வந்து மறுங்கள். அதைவிட எனக்கு மகிழ்ச்சி வேறில்லை.

இளைஞர்களே, உங்களுக்குச் சில சொற்கள். சுற்றுப்பாதைக் கணக்கைக் கற்றுக்கொள்ளுங்கள். பொறியாளர் அளவுக்கு வேண்டாம், ஏமாறாத அளவுக்கு வேண்டும். ரஷ்ய மொழியோ சீன மொழியோ ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். இன்று நிலவை நோக்கி இரண்டு அணிகள் போகின்றன, ஓர் அணியின் ஆவணத்தை மட்டும் படித்து நடுநிலை பேச முடியாது. வியன்னாவில் 1999ஆம் ஆண்டின் ஐ.நா. மாநாட்டிலிருந்து பிறந்த விண்வெளித் தலைமுறை ஆலோசனை மன்றம் இருக்கிறது, உங்கள் வயதுக்காரர்களுக்கானது, ஐ.நா. குழுவில் பார்வையாளர் இடம் அதற்கு உண்டு. மான்ஃபிரட் லாக்ஸ் பெயரில் மாணவர்களுக்கு விண்வெளிச் சட்ட வழக்காடும் போட்டி 1992 முதல் நடக்கிறது; இறுதிச் சுற்றில் சர்வதேச நீதிமன்ற நீதிபதிகளே வந்து தீர்ப்புச் சொல்கிறார்கள். இந்தக் கதவுகளைத் தட்டுங்கள். தமிழில் எழுதுங்கள். தயவுசெய்து தமிழில் எழுதுங்கள். குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் விடுகிற நாளில் கடலுக்குப் போகாதே என்று அறிவிப்பு வரும். அந்த அறிவிப்புக்குப் பின்னால் என்ன சட்டம் இருக்கிறது, எத்தனை நாளுக்கு முன் சொல்ல வேண்டும், அன்றைய கூலிக்கு யார் பொறுப்பு என்பதை அந்தக் கரையில் நிற்பவர் படிக்கிற மொழியில் யார் எழுதப் போகிறீர்கள்?

அந்த மீனவரிடம் திரும்பி வருகிறேன் என்று சொன்னேன் அல்லவா?

அவருடைய மகளும் நானும் ஒருநாள் விண்வெளி உடன்படிக்கையின் இரண்டாவது பிரிவைத் தமிழாக்கிக்கொண்டிருந்தோம். 'கையகப்படுத்தல்' என்று போட்டாள். அது வருவாய்த் துறைச் சொல், நிலத்துக்கு ஆகும் என்றேன். 'உரிமை கொண்டாடுதல்' என்று மாற்றினாள். கோர்ட்டு வாசம் வருகிறது என்றேன். கடைசியில் 'தனதாக்கிக்கொள்ளல்' என்பதில் வந்து நின்றோம். நின்றதும் கேள்வி வந்தது. நிலவைத் தனதாக்க முடியாது, சரி. நிலவிலிருந்து வெட்டி எடுத்த பனிக்கட்டியைத் தனதாக்கலாமா? 2015இல் அமெரிக்கா தன் குடிமக்களுக்கு அந்த உரிமையைச் சட்டமாக்கிவிட்டது. லக்சம்பர்க், ஐக்கிய அரபு அமீரகம், ஜப்பான் பின்னால் வந்தன. 2023 ஜூன் 21ஆம் தேதி இந்தியா கையெழுத்திட்ட ஆர்ட்டெமிஸ் உடன்பாடும் எடுப்பது தப்பில்லை என்ற பக்கம்தான். அதே இந்தியா 1982இல் நிலவு உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டிருக்கிறது. நிலவின் வளம் மனித குலத்தின் பொதுச் சொத்து என்கிற உடன்படிக்கை. கையெழுத்துப் போட்டது, உறுதி செய்யவில்லை, விலக்கிக்கொள்ளவும் இல்லை. ஒரு நாடு, இரண்டு கையெழுத்து. எது நம் நிலை?

எடுக்கலாம் என்கிறவர்கள் எல்லோரும் சொல்கிற உவமை ஒன்று உண்டு. நடுக்கடல் யாருக்கும் சொந்தமில்லை. பிடித்த மீன் பிடித்தவனுக்குச் சொந்தம். நிலவும் அப்படித்தான் என்பார்கள். மகள் இதை வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறாள். வலை பின்னிக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்து பார்க்காமலே, "மீனு குஞ்சு பொரிக்கும்மா. பனிக்கட்டி குஞ்சு பொரிக்குமா?" என்று கேட்டிருக்கிறார். அவள் மறுநாள் காலை ஓட்டமாக ஓடி வந்து என்னிடம் சொன்னாள். எனக்கு மெய் சிலிர்த்தது. உலகத்துச் சட்ட அறிஞர்கள் பக்கம் பக்கமாக எழுதுகிற எதிர்வாதம் அது. மீன் பெருகும். நிலவின் தென்துருவத்தில் வெயிலே படாத பள்ளங்களில் உறைந்து கிடக்கிற பனி எடுத்தால் தீரும். அந்தப் பள்ளங்களும் சிலதான். முதலில் போனவன் எடுத்தால் பின்னால் போகிறவனுக்கு மிச்சமிருக்காது. அடுத்த வாரமே அவள் தன் ஆய்வின் மூன்றாவது இயலை மாற்றி எழுதினாள்.

வியன்னாவில் ஐ.நா. விண்வெளிக் குழுவின் சட்டத் துணைக்குழு இதற்கென்று ஒரு பணிக்குழு வைத்திருக்கிறது. நிலவு உள்ளிட்ட விண்வெளி வளங்களை யார், எப்படி எடுக்கலாம் என்பதற்கான கொள்கைகளை 2027ஆம் ஆண்டுக்குள் பரிந்துரைக்க வேண்டும் என்பது அதன் வேலைத் திட்டம். அந்த மேசையில் நூறுக்கும் மேற்பட்ட நாடுகள் உட்கார்ந்திருக்கின்றன. ஒருமித்த கருத்து வந்தால்தான் முடிவு. ஒரு நாட்டின் குரலும் அங்கே வீணாகாது.

அந்த மூன்றாவது இயலைத்தான் இன்று இரண்டாம் அமர்வில் அவள் வாசிக்கிறாள். அவளுடைய அப்பாவும் வந்திருக்கிறார்; கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் இருக்கிறார். இன்று அவர் கடலுக்குப் போகவில்லை. வாசிப்பு முடிந்ததும் முதல் கேள்வியை அவர் கேட்கட்டும் என்று அவைத் தலைவரிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன்.